கப்பலில் யார் துணை?

முல்லைத்தீவுக் கடற்கரைக்கு அண்மையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் நெடுநாளைய நண்பர். என்னிலும் பத்து வயது மூத்தவர். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்த நாட்டில் இருக்கின்றனர். சென்ற ஆண்டு அவர்கள் தந்தையாருக்கு ஒரு யோசனை எழுதியிருந்தனர். உல்லாசப் பயணக் கப்பல் ஒன்றிலே பத்து நாள் சுற்றிவர வேண்டும், செலவு தங்களுடையது, கப்பலைத் தெரிவுசெய்வது மட்டும் ஐயாவின் பொறுப்பு என்பது அது. கப்பல்களைப் பற்றிய வண்ணப் பிரசுரங்களும் கூடவே வந்திருந்தன. நீச்சற் குளம், நாடக அரங்கு, பத்து வகை உணவுச்சாலை என்று ஒவ்வொன்றும் ஒன்றை ஒன்று விஞ்சி நின்றன.

நண்பர் அவற்றை என் முன்னே பரப்பி வைத்துவிட்டு, "அதிபர், கப்பலிலே என்ன என்ன இருக்கிறது என்று எல்லாம் எழுதியிருக்கிறார்கள். யார் யார் இருப்பார்கள் என்று ஒருவரும் எழுதினார் இல்லை. பேச்சுத்துணை இல்லாத கப்பலிலே ஏறி நான் என்ன செய்வது?" என்று கேட்டார்.

அன்று நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சரித்திரம் படித்தவன் ஆகையால், இதே கேள்வியைக் கேட்டவர்கள் நமக்கு முன்னும் இருந்திருப்பார்களே என்று எண்ணி ஏடுகளைப் புரட்டலானேன். அவ்வாறு புரட்டியதன் பயனே, நேயர்களே, இன்று உங்கள் முன் வைக்கும் இப்பேச்சு.

இந்த நாட்டிலிருந்து கப்பலேறியவர்களுள், உடன் பயணிகளைப் பற்றி முதன்முதல் விரிவாக எழுதி வைத்தவர் ஒரு சீனத் துறவி. பாகியான் என்பது அவர் பெயர். பௌத்த வினய நூல்களைத் தேடி, கி.பி. 399இல், அவர் சாங்கான் நகரை விட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்குத் துணைவர் பலர் இருந்தனர். வழியிலே சிலர் திரும்பினர். ஒருவர் பனிமலையில் அவர் கண்முன்னே உயிர் துறந்தார். இன்னொருவர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார். தாமிரலிப்தித் துறையிலிருந்து பதினான்கு நாள் கடலோடி இலங்கைக்கு வந்து சேர்ந்தபோது அவர் தனியர்.

அநுராதபுரத்திலே இரண்டாண்டு இருந்தார். ஒருநாள் அபயகிரி விகாரையில், பச்சைக்கல்லாலான பெரிய புத்தர் திருவுருவத்தின் அருகே நிற்கிறார். வணிகன் ஒருவன் வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாக வைக்கின்றான். அது சீன நாட்டு விசிறி. அதைக் கண்டதும் துறவியின் கண்களில் நீர் பெருகியது. ஊரை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த நிலையில், தம் மொழி பேசும் ஒருவரும் அருகில்லாத தனிமை அது. அக்காட்சியை அவரே மறையாது எழுதியிருக்கிறார். உலகப் பற்றை ஒழித்தவர் ஒரு விசிறியைக் கண்டு அழுதார் என்பதை எள்ளல் இன்றி மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு எப்போதும் ஒரு சோதனையாகவே இருந்திருக்கிறது.

பின்னர், ஏறத்தாழ கி.பி. 411இல், இருநூறு பேருக்கு மேல் ஏறிய வணிகக் கப்பலொன்றில் அவர் இலங்கையை விட்டுப் புறப்பட்டார். ஆபத்துக் காலத்துக்கென்று சிறு கலமொன்றும் பெருங்கப்பலின் பின்னே கட்டி இழுத்துச் செல்லப்பட்டது. இரண்டு நாள் நற்காற்று. அதன்பின் பெரும்புயல். கப்பலிலே ஓட்டை விழுந்து நீர் புகுந்தது. வணிகர்கள் சிறு கலத்துக்குத் தாவ முற்பட்டனர். அதில் முன்னரே இருந்தவர்களோ, எல்லாரும் வந்தால் கலம் தாங்காது என்று அஞ்சி, இணைத்திருந்த கயிற்றை வெட்டிவிட்டனர். முதல் நாள் ஒரே துறையில் ஒரே காற்றுக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள்!

பெருங்கப்பலில் இருந்தோர் பாரத்தைக் குறைக்கச் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். பாகியானும் தம் குண்டிகையையும் கைகழுவும் பாத்திரத்தையும் எறிந்தார். ஆனால், பன்னிரண்டு ஆண்டு அலைந்து தேடிய சுவடிகளையும் திருவுருவங்களையும் பக்கத்தில் இருப்பவர்கள் பறித்து எறிந்துவிடுவார்களோ என்று நடுங்கினார். பதின்மூன்று நாளின் பின் ஒரு தீவை அடைந்து ஓட்டையை அடைத்தனர். தொண்ணூறு நாள் கடந்து சாவகம் சேர்ந்தனர்.

சாவகத்தில் ஐந்து மாதம் தங்கி வேறொரு கப்பலில் ஏறினார். அதிலும் இருநூறு பேருக்கு மேல். ஐம்பது நாளுக்குரிய உணவு இருந்தது. ஒரு மாதம் சென்றபின் இரவொன்றிலே கரும்புயல் எழுந்தது. விடிந்ததும் கப்பலில் இருந்த பிராமணர் கூடி ஆலோசித்தனர். "இந்தச் சமணத் துறவியை ஏற்றியதாலேயே நமக்கு இந்தத் துன்பம் வந்தது. ஏதேனும் ஒரு தீவிலே இவனை இறக்கிவிடுவோம். ஒருவனுக்காக எல்லாரும் சாவதா?" என்பது அவர்கள் முடிவின் சாரம். இங்கே சமணர் என்பது பௌத்தத் துறவியையே குறிக்கும்.

அப்போது ஒருவன் எழுந்தான். துறவிக்குப் பயண ஆதரவு செய்துவந்தவன் அவன். இவரை இறக்குவதானால் என்னையும் இறக்குங்கள், அல்லது என்னைக் கொன்றுவிடுங்கள், இரண்டும் செய்யாது இவரை மட்டும் இறக்கினால் சீன நாடு சேர்ந்ததும் அரசனிடம் முறையிடுவேன், அவ்வரசன் பௌத்தன், துறவியரைப் போற்றுபவன் என்று சொன்னான். மற்றவர்கள் தயங்கினர், துறவி தப்பினார். எழுபது நாளுக்கு மேல் ஓடியும் கரை தெரியவில்லை. உப்புநீரிலே சமைத்தார்கள். நன்னீரை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து பங்கிட்டார்கள். கி.பி. 412இல் சாந்துங்கு நாட்டுக் கரையில் இறங்கினர். அந்தச் சுவடிகள் சீனம் சேர்ந்ததும், அநுராதபுரத்தைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு நம் கைக்கு வந்ததும், கப்பலிலே இருநூறு பேருள் ஒருவன் வாய் திறந்தமையால். அவனுடைய பெயர் ஏட்டில் இல்லை.

நண்பருடைய கேள்விக்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். பாகியான் உடன் பயணிகளைத் தெரிந்தெடுத்துக் கப்பலேறவில்லை. எந்தக் கப்பல் போகிறதோ அதில் ஏறினார். பண்டைக் கடலோடிகள் எல்லாருக்கும் இதுவே நிலைமை.

நம் இலக்கியத்திலும் இதற்கு மாறான ஓர் ஆபத்தைக் காண்கிறோம். பாகியானைக் கப்பலில் இருந்தோர் அளவுக்கு மிஞ்சிக் கவனித்தனர். மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரனையோ ஒருவரும் கவனிக்கவில்லை. அமுதசுரபியைக் கையில் ஏந்தியவன் அவன். சாவகத்திலே மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று கேட்டு, அவர்கள் பசி தீர்க்கக் கப்பலேறுகிறான். காற்று மாறுபட்டதால் கலம் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்குகிறது. ஆபுத்திரன் கரையில் இறங்குகிறான். காற்றுத் திரும்புகிறது. இறங்கியவன் ஏறிவிட்டான் என்று எண்ணி மீகாமன் நள்ளிரவிலே கலத்தைச் செலுத்திவிடுகிறான். ஆளில்லாத் தீவிலே ஊட்டுவதற்கு ஒருவரும் இல்லாமையால், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு ஆபுத்திரன் உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். மணிபல்லவம் நமது நயினாதீவே என்பார் பலர். அது எவ்வாறாயினும், கலம் புறப்பட்ட அந்த நள்ளிரவை எண்ணும்போது எனக்கு எப்போதும் உறுத்தலாக இருக்கும். பக்கத்திலே படுத்திருந்தவனின் இடம் வெறுமையாக இருப்பதை ஒருவரும் காணவில்லையா?

நீராவிக் கப்பல் வந்தபின் நிலைமை மாறியது. குறித்த நாளில், குறித்த துறைக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஓடலாயின. தெரிவு என்பது அப்போதே பிறந்தது. அது முதலிலே வகுப்புத் தெரிவாக இருந்தது. 1904இன் இறுதியில் 'சிரியா' என்னும் கப்பலில் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்தார் லெனார்ட் வுல்ஃப் என்னும் இளைஞர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரியிலே பணியேற்றவர் அவர். தமது நாயை அதே கப்பலில் ஏற்ற நிர்வாகம் இசையாமையால் வேறு கப்பலில் அனுப்பிவைத்தார். பின்னாளில், 1961இல் வெளியிட்ட நூலில், அந்தக் கடற்பயணத்தைப் பற்றி நுட்பமாக எழுதினார். ஒருவரை ஒருவர் அறியாத தனியாட்களாக ஏறியவர்கள், சில வாரத்துக்குள் மேலோர் கீழோர் என்னும் படிநிலையோடு ஒரு சமுதாயமாகிவிட்டார்கள் என்று வியந்தார். அது அறைகளிலே பயணம் செய்தோர் கதை.

நம்மவருட் பெரும்பாலோர் அறை கண்டவர் அல்லர். தளப் பயணிகளாகவே சென்றனர். சென்னை, நாகபட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜூலா' என்னும் கப்பலைக் கேள்விப்படாத முதியோர் தமிழரிடையே குறைவு. 1926இல் கட்டப்பட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவ்வழியிலே ஓடியது. தொடக்கத்தில் 5,000 பேருக்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. எங்கள் முல்லைத்தீவு நகரின் சனத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் ஊரே பலகைத் தளத்திலே பாய் விரித்துப் படுத்தவாறு வங்கக் கடலைக் கடந்தது.

இத்தகைய கப்பலில் துணைத் தெரிவு என்பது பாயை எங்கே விரிப்பது என்பதுதான். துறையிலே படகு கப்பலை அணுகும்போதே கண்கள் தேடத் தொடங்கும். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, முன்னமே போய் வந்த ஒரு பெரியவர், தன் ஊர்ப் பேச்சுப் பேசும் ஒரு குடும்பம் என்று தேடும். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவர், வாந்தி எடுத்தால் தலையைப் பிடிக்க ஒருவர், கரையிறங்கியபின் வேலைக்கு வழி சொல்ல ஒருவர் தேவை. அரட்டைக்குத் துணை தேடுகிறோம் என்று நாம் இப்போது எளிதாகச் சொல்கிறோம். அன்று அது அவ்வளவு இலேசான காரியம் அன்று.

இனி, கப்பலிலே யாருடன் போகிறோம் என்பதையே ஓர் அரசியற் கேள்வியாக ஆக்கிய நிகழ்ச்சிக்கு வருவோம். அது நிகழ்ந்தது நமது கடலிலேயே. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பெனியின் ஆதிக்கம் மேலோங்கியிருந்த காலத்தில், 1906 ஒக்டோபரில், வ.உ. சிதம்பரம்பிள்ளை சுதேசி நீராவிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். முதலில் வாடகைக் கப்பல் எடுத்தார்கள். எதிர்க் கம்பெனியின் நெருக்குதலால் அது நின்றபோது, கொழும்பிலிருந்தே ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்திச் சமாளித்தார் பிள்ளை. 1907இல் 'காலியா', 'லாவோ' என்னும் சொந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் சாதாரணப் பயணிகள் 1,300 பேரை ஏற்றவல்லது.

எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. குறைத்துக் குறைத்து, ஈற்றிலே இலவசமாக ஏற்றவும், ஏறுவோருக்குக் குடை கொடுக்கவும் முன்வந்தது என்பர். நேயர்களே, அந்தத் துறைமுகத்திலே நிற்கும் ஓர் ஏழை வியாபாரியை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் காசின்றிப் பயணமும் கையிலே குடையும். மறுபக்கம் காசு கொடுத்து ஏறவேண்டிய கப்பல். ஆனால் அதிலே பயணி, பங்குதாரர், உடைமையாளர் எல்லாரும் ஒருவரே. தெரிந்தே காசு கொடுத்து ஏறினவர்களும் இருந்தார்கள். குடையை வாங்கிக்கொண்டு மற்றதில் ஏறினவர்களும் இருந்தார்கள். அவர்களை இன்று நாம் குறை சொல்வது எளிது. அவர்கள் மடியில் எவ்வளவு இருந்தது என்பது நமக்குத் தெரியாது. 1908 மார்ச்சில் பிள்ளை சிறைப்பட்டார். 1911 அளவில் கம்பெனி கலைந்தது. அந்தக் கம்பெனியின் வீழ்ச்சிக்குக் காரணம் பலவாகக் கூறுவர். துணை தேர்ந்து ஏறும் உரிமைக்கு விலை உண்டு என்பதை அறிந்தவன் எதிரியே என்பது என் எண்ணம்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914இல் தொடங்கிய கப்பல் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. அது சில மணி நேரப் பயணம். முகம் பழகுமுன் கரை வந்துவிடும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின், இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1984உடன் நின்றது. கடல் இருந்தது, கடத்துவார் இல்லை. எங்கள் முல்லைத்தீவுக்கோ ரயில் என்றுமே வந்ததில்லை. மாங்குளத்திலே இறங்கி வீதி வழியே வரவேண்டியவர்கள் நாங்கள். கப்பற் பயணம் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகப் படமாகவே இருந்தது.

நீண்ட இடைவெளிக்குப்பின், 2023 யூனில், சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலோடு மீண்டும் தொடங்கியது.

இவ்வளவையும் குறித்துக்கொண்டு நண்பரிடம் சென்றேன். உல்லாசக் கப்பல்களைப் பற்றிக் கேட்டறிந்த நடைமுறைச் செய்திகளையும் சொன்னேன். ஆயிரக்கணக்கானோர் ஏறும் கப்பலில் ஒரே முகத்தை இருமுறை காண்பது அரிது. சில நூறு பேர் ஏறும் கப்பலில் மூன்றாம் நாளே பெயர் பழகிவிடும். இரண்டு மூன்று நாட் பயணத்திலே கொண்டாட்டக்காரரே மிகுதி. நாள் நீள நீள நரைத்த தலைகள் கூடும். சாப்பாட்டு மேசையில் நாள்தோறும் ஒரே இடம் ஒதுக்கும் வழக்கம் சில கப்பல்களில் உண்டு. பேச விரும்புவோர் அதனைக் கேட்டுப் பெறவேண்டும். இவ்வாறு சொல்லிக்கொண்டு போனேன். பாகியானுடைய கதையை மிகவும் விரும்பிக் கேட்டார். "எழுந்து பேசினானே, அவனுடைய பெயர் இல்லையா?" என்று இரண்டு தரம் கேட்டார். இல்லை என்றேன்.

சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, நான் அதுவரை அறியாத ஒன்றைச் சொன்னார்.

2009இன் தொடக்கத்தில் இக்கரையிலே என்ன நடந்தது என்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. பெப்ரவரி 10 முதல் மே 9 வரை, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கொடியோடு வந்த கப்பல், புதுமாத்தளன் பக்கத்திலிருந்து காயப்பட்டோரையும் நோயாளரையும் அவர்களோடு துணைக்குச் சென்றோரையும் முதலில் திருகோணமலைக்கும், பின்னர் புல்மோட்டைக்கும் கொண்டு சென்றது. அவ்வாறு சென்றோர் 13,000 பேருக்கு மேல். கப்பல் கரைக்கு வர இயலாது. மீனவர் தம் படகுகளிலே காயப்பட்டோரைத் தூக்கிச் சென்று ஏற்றினர்.

நண்பர் தம் மனைவிக்குத் துணையாக அதில் ஏறியிருக்கிறார். தம் வாழ்நாளிலே அவர் ஏறிய ஒரே கப்பல் அது. தளம் முழுதும் மனிதர்கள். மருந்துநீர்ப் போத்தலைத் தொங்கவிட ஓர் ஆணியும் இல்லை. அவருடைய வலக் கையிலும் காயம். பக்கத்திலே, தன் மகனை மடியிற் கிடத்தியிருந்த ஒரு பெண், ஒன்றும் கேளாமல் அந்தப் போத்தலை வாங்கி உயர்த்திப் பிடித்தாள். கை மாற்றி மாற்றி, கரை சேரும்வரை பிடித்திருந்தாள். இறங்குதுறையில் ஆட்களை வெவ்வேறு வண்டிகளில் ஏற்றினார்கள். நண்பரின் மனைவி பிழைத்தார். பின்னும் ஒன்பதாண்டு வாழ்ந்தார். அந்தப் பெண்ணின் மகன் என்ன ஆனான் என்று இவருக்குத் தெரியாது.

"அவ்வளவு மணி நேரம் பக்கத்திலே இருந்தோம், அதிபர். நான் அவளுடைய பெயரைக் கேட்கவில்லை. எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்கிற நேரமும் அல்ல. ஆனால் கேட்டிருக்கலாம். எங்கள் மனிசி சாகும்வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தா."

வண்ணப் பிரசுரங்கள் மேசையிலே கிடந்தன. அவற்றை ஒழுங்காக அடுக்கி உறையிலே போட்டார். பிள்ளைகளுக்கு மறுமொழி எழுதிவிட்டாராம். நீச்சற் குளமுள்ள கப்பல் வேண்டாம், காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் போகும் கப்பல் போதும், சில மணி நேரமே ஆயினும் அதிலே போகிறவர்கள் நாம் பேசுகிற பேச்சுப் பேசுகிறவர்கள் என்று எழுதினாராம். கடவுச்சீட்டுக்குப் படமும் எடுத்திருக்கிறார்.

"ஏறி இருந்தவுடனே பக்கத்தில் உள்ளவரிடம் முதலிலே பெயரைக் கேட்பேன்" என்றார். என்னையும் உடன் வரும்படி அழைத்தார். தவணை விடுமுறை எப்போது என்று பார்த்துச் சொல்வதாகக் கூறி வந்திருக்கிறேன்.